குந்துமணித் தங்கம்

"வர்ற சனிக்கிழமை நீங்களும் கிளம்புங்க அத்தை. போய்க் கொஞ்சம் தங்கம் எடுத்துட்டு வரலாம்."

பவுன் விற்கிற விலையில், மாப்பிள்ளை வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால் எந்த மாமியாருக்குத்தான் இனிக்காது? எனக்கு இனிக்கவில்லை. அடிவயிற்றில் என்னவோ செய்தது.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இறங்கி ஏறியவர். தங்கம் எடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை.

2023-ஆம் வருஷம். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் போயிருந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம். மூத்தவள், என் பேத்தி, ஒன்பது வயது. எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஊர் ஆங்கிலப் பள்ளியில் படித்தும் அவள் என்னை "ஆயா, ஆயா" என்றே சுற்றி வருவாள்.

வீட்டில் பத்தியம், எண்ணெய்க் குளியல், பிள்ளைக்கு வசம்பு என்று என் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஆனால் ஏதோ சரியில்லை என்று வந்த வாரமே புரிந்துவிட்டது. மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கார் சத்தம் கேட்கும். இருட்டியபிறகு உடம்பெல்லாம் செம்மண்ணோடு வருவார். மகள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

ஒரு ராத்திரி, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவளே சொன்னாள். "அவருக்கு வேலை போய் நாலு மாசம் ஆச்சும்மா. உனக்குச் சொன்னா கவலைப்படுவேன்னு சொல்லலை. இந்த நேரத்துல மூவாயிரம் டாலருக்கு மேல கொடுத்து ஒரு மிஷின் வாங்கியிருக்கார். அதுவும் கிரெடிட் கார்டுல. கேட்டா, ஒரு நல்ல கட்டி கிடைச்சாப் போதும், எல்லாக் கடனும் அடைஞ்சுடும்கிறார்."

அந்த மிஷின், பூமிக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடித்து ஓசை எழுப்பும் மெட்டல் டிடெக்டர்.

மகளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது? வீட்டுக்கு வந்த மாமியார் கடன் கணக்குக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? அவராக "வாங்க அத்தை" என்று கூப்பிட்டபோது, 'சரி, போய்த்தான் பார்ப்போமே' என்று தலையாட்டிவிட்டேன். இப்படித்தான் அறுபத்தாறு வயதில் நான் தங்கம் தேடப் போனேன்.

வெளிநாட்டில் மகனையோ மகளையோ வைத்திருக்கும் சகோதரிகள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலும் யாராவது இதில் இறங்கலாம். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் காட்டிலோ ஆற்றிலோ நினைத்தபடி தங்கம் தோண்ட முடியாது. கனிமம் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது, அனுமதி வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பொதுமக்களும் தங்கம் தேடலாம். அதற்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும். அதன் பெயர் 'மைனர்ஸ் ரைட்'. இந்தப் பெயரைக் கேட்டதும் ஜிப்பாவும் மைனர் சங்கிலியுமாகத் திரிந்த எங்கள் ஊர் மைனர் ஒருவர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சுரங்கக்காரரின் உரிமை என்று அர்த்தமாம். நான் எடுத்தபோது சுமார் 25 டாலர். பத்து வருஷத்துக்குச் செல்லும். அது இருந்தால் அனுமதித்த அரசு நிலத்தில் தேடலாம். கிடைத்தது உங்களுக்கே சொந்தம்.

இந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு ரத்தக் கதை இருக்கிறது. 1851-இல் அங்கே தங்கம் கண்டுபிடித்ததும் உலகமே அங்கே ஓடியது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் லைசென்ஸ் கட்ட வேண்டும் என்றது அரசாங்கம். கட்ட முடியாதவர்களைப் பிடித்துப் போனார்கள். தொழிலாளிகள் பல்லாரட் ஊரில் யுரேகா என்ற இடத்தில் வேலி அமைத்து எதிர்த்து நின்றார்கள். 1854 டிசம்பர் 3-ஆம் தேதி விடிகாலையில் பட்டாளம் புகுந்தது; இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் லைசென்ஸ் ஒழிந்து, வருஷத்துக்கு ஒரு பவுண்டு என்று இந்த உரிமைச் சீட்டு வந்தது.

சீட்டில் என் பெயரை அச்சில் பார்த்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. என் அப்பா முப்பது வருஷம் தங்கத்துக்காகப் பூமிக்குள் போனார். ஷிப்டு முடிந்து வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். அவர் மகள் கையில் 'நீ எடுத்தது உனக்கே' என்று ஒரு சீட்டு!

உரிமை உண்டு என்பதற்காக எல்லாம் செய்துவிட முடியாது. கையால் பிடிக்கும் கருவிகள்தான் கொண்டுபோகலாம். மண்வாரி இயந்திரம், வெடி கூடாது. தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் கிடையாது. தனியார் நிலம் என்றால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். அந்த மண்ணின் ஆதிக்குடிகளுடைய பழைய இடங்களைத் தொடக் கூடாது. தோண்டிய குழியைத் திரும்ப மூடிவிட்டுத்தான் நகர வேண்டும்.

நாங்கள் போனது பல்லாரட்டுக்கு வடக்கே கிரெஸ்விக் என்ற சின்ன ஊர். மெல்பர்னிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே ஸ்லேட்டி க்ரீக் என்று ஒரு ஓடை. குடும்பத்தோடு வந்து தட்டில் மண் அலசித் தங்கம் பார்க்கிற இடம். மகள் கைக்குழந்தையோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு நான், மாப்பிள்ளை, பேத்தி மூன்று பேரும் கிளம்பினோம்.

வழியெல்லாம் மாப்பிள்ளை உற்சாகமாகப் பேசினார். 1869 பிப்ரவரி 5-ஆம் தேதி, மோலியாகுல் என்ற ஊரில் இரண்டு பேர் ஒரு மரத்து வேரடியில் தோண்டினார்களாம். தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தங்கக் கட்டி. 70 கிலோவுக்கு மேல்! முழுசாக நிறுக்கத் தராசு இல்லாமல் உடைத்து நிறுத்தார்களாம். "அது பழைய கதைன்னு நினைக்காதீங்க அத்தை. 1980-இல கிங்கோவர்ல ஒருத்தர் இதே மாதிரி மிஷினை வச்சுத்தான் 27 கிலோ கட்டி எடுத்தார்."

"சரிங்க மாப்பிள்ளை. இந்த ரெண்டு பேர் கதை எல்லாருக்கும் தெரியுது. வெறுங்கையோட வீட்டுக்குப் போனவங்க கதையை யார் எழுதி வச்சா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

கிரெஸ்விக் ஊருக்குள் ஒரு நினைவுச் சின்னத்தைக் காட்டினார். 1882 டிசம்பர் 12-ஆம் தேதி நியூ ஆஸ்திரலேசியன் என்ற சுரங்கத்தில், பக்கத்திலிருந்த பழைய குடைவிலிருந்து வெள்ளம் உடைத்துக்கொண்டு வந்தது. 27 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 22 பேர் பிணமாகத்தான் வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கங்களில் அதைவிடப் பெரிய விபத்து நடந்ததில்லை. தண்ணீர் ஏற ஏற, அவர்களில் சிலர் தங்கள் தகரத் தூக்குச் சட்டியில் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை கீறி வைத்தார்களாம்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அப்பாவின் அலுமினியத் தூக்கு கண்முன் வந்தது. காலையில் அம்மா அதில் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கொடுப்பாள். சங்கு ஊதும். அப்பா கூண்டில் ஏறி இறங்குவார். எங்கள் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலே ஆழம். கீழே பாறையைத் தொட்டால் சுடும் என்பார். சில சமயம் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். மேலே லைன் வீட்டில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். உடனே பெண்கள் எல்லோரும் அப்படியே அடுப்பை விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வந்து, தூக்குச் சட்டியோடு அப்பா இறங்கும் வரைக்கும் அம்மா வாய் திறக்கமாட்டாள். அந்தச் சட்டி திரும்பி வந்தால் எங்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

காரில் ஏறியதும் இதையெல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை கேட்டார், "மாமா தங்கத்தைப் பார்த்திருக்காரா அத்தை?"

எங்கள் வீட்டுக்காரரைச் சொல்கிறாரோ என்று முதலில் புரியவில்லை. "உங்க மாமா வாத்தியார், அவர் சாக்பீஸைத்தான் பார்த்தார். என் அப்பாவா? பாறையில தங்கம் கண்ணுக்கே தெரியாதுங்க. ஒரு டன் கல்லை உடைச்சு அரைச்சாத்தான் சில கிராம் வரும். அப்பா கல்லைத்தான் பார்த்தார். அந்தத் தூசியைத்தான் சுவாசிச்சார்."

ஓடைக்குப் போய்ச் சேர்ந்தோம். உயரமான யூகலிப்டஸ் மரங்கள். நம் நீலகிரித் தைல வாசனைதான். மாப்பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டி மிஷினைத் தரையோடு வீசி வீசி நடந்தார். 'ஊய்ங்' என்று ஓசை வந்ததும் குனிந்து கொத்தினார். ஒரு ஆணி. மறுபடி ஓசை. பழைய துப்பாக்கி ரவை. அடுத்தது பானத் தகர மூடி. மத்தியானத்துக்குள் ஒரு டப்பா நிறையத் துரு. புதிதாகத் தேடப் போகிறவர் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்: குப்பை. மிஷினுக்கு உலோகம் தெரியும். அதன் விலை தெரியாது. தரையில் ஓசை கேட்ட இடமெல்லாம் பொறுமையாகக் கிளறி, குப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, குழியை மூட வேண்டும்.

பேத்தியும் நானும் தட்டோடு ஓடைக்கு இறங்கினோம். பச்சை பிளாஸ்டிக் தட்டு, ஒரு பக்கம் படிப்படியாக வரிகள். விலை மலிவு. அதைக் கையில் வாங்கியதுமே என் கைக்கு வேலை தெரிந்துவிட்டது. அரிசியில் கல் அரிக்கிறோமே, அதேதான்! ஒரு வித்தியாசம்: அரிசி அரிக்கும்போது கல்லை அடியில் தங்கவிட்டு அரிசியை எடுத்துக்கொள்கிறோம், இங்கே அடியில் தங்குவதுதான் வேண்டும். "தங்குறதாலதான் தங்கம்னு பேர் வச்சாங்களோ என்னவோ" என்று வேடிக்கையாகச் சொன்னேன்.

காரணம் எளிது. தண்ணீரைப் போல் தங்கம் 19 மடங்குக்கும் மேல் கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல்தான். குலுக்கினால் கனமானது கீழே போகும். ஓடையிலும் அப்படியே. தண்ணீர் வேகம் குறையும் இடத்தில்தான் தங்கம் இறங்கும்: வளைவின் உள்பக்கம், பெரிய கல்லின் பின்பக்கம், அடிப்பாறையின் வெடிப்பு, மரவேர்ச் சிக்கல். மேலாக மணலை அள்ளுவதில் பிரயோசனம் இல்லை. அடியில் சுரண்டி எடுக்க வேண்டும்.

முதலில் சல்லடையில் பெரிய கற்களைக் கழித்தேன். தட்டில் மண்ணைப் போட்டுத் தண்ணீருக்குள் வைத்து, களிமண் கட்டிகளைப் புட்டு மாவு பிசிறுவதுபோல விரலால் உதிர்த்தேன். களிமண் உருண்டை தங்கத்தை ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடுமாம். பிறகு தட்டைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு பக்கமும் வேகமாகக் குலுக்கினேன். வரிகள் இருக்கும் பக்கம் கீழே சாய்த்து, மேல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அலையடித்துப் போகவிட்டேன். குலுக்கு, அலசு, குலுக்கு, அலசு. கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு மணல் மிஞ்சும். அது இரும்புச் சத்து கொண்டது. பிளாஸ்டிக் பையில் காந்தத்தைப் போட்டு மேலே காட்டினால் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

முதல் தட்டிலேயே பளபளவென்று ஏதோ மின்னியது. "ஆயா, கோல்டு! கோல்டு!" என்று குழந்தை குதித்தாள். தட்டைத் திருப்பினேன், மினுக்கு அணைந்தது. அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்ரகத் துணுக்கு தண்ணீரில் மிதந்து திரியும், ஒரு கோணத்தில்தான் மின்னும். 'முட்டாள் தங்கம்' என்கிற இரும்புக் கந்தகக் கல் தட்டினால் நொறுங்கும். அசல் தங்கம் தட்டினால் தட்டையாகும். நிழலிலும் ஒரே மஞ்சளாக அமைதியாகத் தெரியும். "மினுக்கிக் காட்டுறதெல்லாம் தங்கம் இல்லடி கண்ணு. இது காக்காப் பொன்" என்றேன்.

ஒன்பதாவதோ பத்தாவதோ தட்டு. மே மாதக் குளிர், விரல் விறைத்துவிட்டது. இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. கறுப்பு மணலை நீரால் மெல்ல விலக்கியபோது, அடியில் மூன்று புள்ளிகள். மஞ்சள் பொட்டுப்போல. நிழலில் காட்டினேன், அப்படியே இருந்தது. தட்டைத் தட்டினேன், நகரவில்லை.

அறுபத்தாறு வருஷத்தில், நகைக்கடைக்காரர் கொடுக்காமல், மண் கொடுத்த தங்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. குழந்தை பயந்துபோய், "ஆயா, வலிக்குதா?" என்று கேட்டாள்.

அந்தக் கலக்கத்தில்தான் ஒரு தப்பு நடந்தது. மூன்று பொட்டையும் குப்பிக்குள் இறக்கி நிமிர்ந்தால் பக்கத்தில் குழந்தை இல்லை. திரும்பிப் பார்க்கிறேன், கொஞ்ச தூரத்தில் ஒரு வெளிறிய மணல் மேடு. அதன் உச்சியில் நிற்கிறாள், சறுக்கி விளையாட! கையில் பிஸ்கட்.

நான் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை மிஷினைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரியும். எங்கள் ஊரில் அதற்குச் 'சயனைடு மேடு' என்று பெயர். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய அரைத்த மண் மலைபோலக் குவிந்திருக்கும். நாங்கள் அதில் தகரத்தை வைத்துச் சறுக்கி விளையாடியிருக்கிறோம். காற்றுக் காலத்தில் அந்த வெள்ளைத் தூசி வீடு புகுந்து சோற்றுப்பானை மேலே படியும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

விக்டோரியாவில் சொல்கிறார்கள். பழைய சுரங்கக் கழிவு மணலில் ஆர்சனிக் என்ற பாஷாணம் இருக்கலாம். பாதரசமும் இருக்கலாம், அந்தக் காலத்தில் அதை வைத்துத்தானே தங்கத்தைப் பிரித்தார்கள்! குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கையை வாயில் வைப்பவர்கள் அவர்கள்தானே. பிஸ்கட்டைப் பிடுங்கிப் போட்டு, கொண்டுபோயிருந்த சுத்தத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிவிட்டேன். மாற்று உடுப்பு போட்டுவிட்டேன். தேம்பித் தேம்பி அழுதாள். கீழே அவள் சறுக்கி வரவேண்டிய பக்கமாக மாப்பிள்ளை நடந்து போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். புதருக்குள் மூடாத பழைய சுரங்கக் கிணறு ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்ததாம்.

வெகு நேரம் மூன்று பேரும் பேசவில்லை.

ஆகவே, பிள்ளைகளோடு போகும் தாய்மார்களே, இதைக் கேளுங்கள். கழிவு மணல் மேட்டில் ஏற விடாதீர்கள். தட்டுக்கு ஒருவர் என்றால் குழந்தைக்கு ஒருவர் வேண்டும். பழைய சுரங்கக் காட்டில் பின்பக்கமாக அடி எடுத்து வைக்கக் கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. செருப்பு, பாவாடை வேண்டாம். கனமான பூட்ஸும் நீளக் கால்சட்டையும் போடுங்கள், பாம்பு உள்ள காடு. கோடையில் காட்டுத் தீ எச்சரிக்கை உள்ள நாளில் போகவே வேண்டாம். குந்தி உட்கார்ந்தால் மூட்டும் இடுப்பும் தாங்காது. சின்ன ஸ்டூல் ஒன்று கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த உடுப்பைத் தனியாகத் துவைத்து, ராத்திரி இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அன்றைக்கு ராத்திரி மகள் தூங்கிய பிறகு, மாப்பிள்ளை சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மேஜையில் என் மூன்று பொட்டு, ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு. தண்ணீருக்குள் இருப்பதால் பெரிதாகத் தெரியும். வெளியே எடுத்தால் மூன்றும் சேர்ந்து கடுகில் பாதி தேறாது. அவர் தானாகவே ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க வீட்டுக் கணக்கு எழுதுவீங்களே அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். ஏழு சனிக்கிழமை. பெட்ரோல் ஒவ்வொரு தரமும் 35 டாலர், ஆக 245. கிடைத்தது ஒரே ஒரு துணுக்கு, 0.3 கிராம். முப்பது டாலர்கூடத் தேறாது. மிஷின் விலையை நான் சேர்க்கவில்லை. அவரே கீழே எழுதி வைத்திருந்தார்.

நான் புத்தி சொல்லவில்லை. "ஒரு குந்துமணின்னா கிராமில் எட்டில் ஒரு பங்குதான். அப்பாவுக்கு முப்பது வருஷத்துல அதுகூடச் சொந்தமாகலை. ஆனா மாசச் சம்பளம் வந்துது. அதுலதான் நாங்க சாப்பிட்டோம், படிச்சோம். அவர் தங்கத்தை நம்பி இறங்கலைங்க, சம்பளத்தை நம்பித்தான் இறங்கினார்" என்றேன். அவ்வளவுதான். நெஞ்சில் தூசி படிந்து, இரண்டு அடி நடந்தால் மூச்சு வாங்கி, 1991-இல் அப்பா போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன்.

அவர் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வீட்டுல இருந்தா பயமா இருக்கு அத்தை. காட்டுல அந்த ஓசையைக் கேட்டுக்கிட்டு நடந்தா மனசு கொஞ்சம் சும்மா இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த மனிதர் புரிந்தார். பேராசைக்காரர் என்று நான் நினைத்தது தப்பு. வேலை போன ஆண்பிள்ளை, வெறுங்கையோடு வீட்டில் உட்கார வெட்கப்பட்டுக் காட்டில் திரிந்திருக்கிறார். "இதை எங்கிட்ட சொன்ன மாதிரி அவகிட்டயும் சொல்லுங்க. அவ கோபம் மிஷின் மேல இல்லை, நீங்க மறைச்சதுமேல" என்றேன்.

சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து மிஷினைத் துடைத்து, போட்டோ பிடித்து, விற்பனைக்குப் போட்டார்கள். வாங்கிய விலைக்குப் போகவில்லை. எண்ணூறு டாலர் நஷ்டம். வந்த பணம் கடனுக்குப் போனது. மறைத்துவைத்த மூவாயிரத்தைவிட, தெரிந்த எண்ணூறு பரவாயில்லை என்றாள் மகள்.

தட்டை மட்டும் விற்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நான் ஊர் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு தடவை எல்லோருமாகப் போனோம், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு. ஒரு தடவை ஒரு பொட்டு, ஒரு தடவை ஒன்றுமே இல்லை. ஒன்றும் கிடைக்காத நாளில்தான் ரொம்பச் சிரித்தோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் வருஷம் மிஷின் வாங்காதீர்கள்; தட்டு, சல்லடை, சின்ன மண்வாரி போதும். வீட்டிலேயே ஒரு வாளி மணலில் பத்து ஈயக் குண்டைத் தட்டையாக்கிப் போட்டு அரித்துப் பழகலாம். பத்தும் திரும்பி வந்தால் கை தேறிவிட்டது. ஈயத்தைப் பெரியவர்கள் மட்டும் தொடட்டும், தொட்டபின் கை கழுவட்டும். பிக்னிக்குக்கு எவ்வளவு செலவழிப்பீர்களோ அதற்கு மேல் ஒரு காசு போடாதீர்கள். கிடைப்பதை வருமானம் என்று வீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். காலாற நடை, நல்ல காற்று, சோறு ருசிக்கும் பசி, பிள்ளைகளுக்குப் பொறுமை: இவற்றை எதிர்பார்க்கலாம். கிடைக்கும்.

எங்கள் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி கடைசியில் மூடப்பட்டது. மேடுகள் இன்னும் நிற்கின்றன. வேலூரில் என் வீட்டில், அப்பா படத்துக்குக் கீழே, அந்தக் குப்பியை வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள், "இது என்ன, தண்ணியா?" என்கிறார்கள். தராசில் வைத்தால் முள் அசையாது. இருந்தாலும் அது எங்கள் குடும்பத்தில் ஒருவர் கையால் எடுத்து, நமக்கே என்று வைத்துக்கொண்ட முதல் தங்கம். அப்பாவுக்குத்தான் சேர வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் வருகிறது. போன வாரம் பேத்தி போனில் கூப்பிட்டாள். ஓடைக்குப் போயிருந்தார்களாம்.

"ஏதாவது கெடச்சுதாடி?"

"இல்ல ஆயா. ஆனா சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவிட்டேன்!"